டோக்கியோவுக்கு முன்னால் வாலாஜா

ஜப்பானில் முதல் ரயில் ஓடியது 1872-இல். டோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்கு. சீனாவில் 1876-இல் ஷாங்காய் பக்கம் ஒரு சின்னப் பாதை போட்டார்கள். மறு வருடமே அரசாங்கம் அதை விலை கொடுத்து வாங்கிப் பெயர்த்துப் போட்டுவிட்டது. எங்கள் வாலாஜாவுக்குப் பொதுமக்களுக்கான ரயில் ஓடத் தொடங்கியது 1856 ஜூலை 1. டோக்கியோக்காரன் ரயில் என்றால் என்னவென்று கேள்விப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், பாலாற்றங்கரையில் நாங்கள் டிக்கெட் வாங்கி ஏறி, இடம் போதவில்லை என்று சண்டையும் ஆரம்பித்திருப்போம். உலகத்தின் முதல் நீராவிப் பயணிகள் ரயில் இங்கிலாந்தில் ஸ்டாக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் நடுவே 1825-இல் ஓடியது. அங்கிருந்து வாலாஜாவுக்கு வர 31 வருடம்தான் ஆயிற்று. வேலூர்ப் பக்கத்தில் ஒரு மேம்பாலம் கட்டி முடிக்க ஆகும் காலத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

இந்தப் பெருமையை எங்கள் ஊர்க்காரர்கள் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும்: "சரி, இப்போ?"

டிக்கெட் விற்கத் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்னால் நடந்த திறப்பு விழாக் கதையே கொஞ்சம் வேடிக்கை. ராயபுரம் ஸ்டேஷனை 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார். அன்றைக்கு இரண்டு வண்டிகள் கிளம்பின. கவர்னரும் ஐரோப்பியர் முந்நூறு பேரும் ஏறிய வண்டி வாலாஜா வரை போனது. நம்மவர்களை ஏற்றிய வண்டி திருவள்ளூரோடு திரும்பிவிட்டது. பெட்டிகளைச் செய்து கொடுத்தது மதராஸ் சிம்ப்ஸன் கம்பெனி. தண்டவாளம் வாலாஜா வரைக்கும். நமக்கு மரியாதை திருவள்ளூர் வரைக்கும். ஆம்பூரில் சில பெரியவர்கள் அந்த முதல் வண்டி ஆம்பூருக்கே வந்தது என்று அடித்துச் சொல்வார்கள். பாதை ஆம்பூரைத் தொட்டது அதற்குப் பிறகுதான். ஆனால் சொல்பவர்கள் எண்பது தாண்டியவர்கள். பிரியாணிக்குப் பெயர் வாங்கிய ஊர், ரயிலுக்கும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளட்டும் என்று நான் மறுத்துப் பேசுவதில்லை.

பாதை எங்களுக்காகப் போடப்பட்டதல்ல என்பது தெரிந்த விஷயம். மதராஸ் துறைமுகத்தை மேற்குக் கடற்கரையோடு இணைக்க வேண்டும். பட்டாளத்தை வேகமாக நகர்த்த வேண்டும். சரக்கு கப்பலுக்குப் போய்ச் சேர வேண்டும். மதராஸ் ரயில்வே கம்பெனியில் பணம் போட்ட லண்டன்காரர்களுக்கு, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் 5 சதவீதம் வரை வட்டி நிச்சயம் என்று ஏற்பாடு. அந்த வட்டி யார் வரிப்பணத்திலிருந்து போனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1862-க்குள் பாதை கேரளத்தில் பேப்பூர் வரை போய்விட்டது. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு கிளை பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்கு ஏறியது. நடுவில் இருந்த நாங்கள் வழியில் இருந்த ஊர்கள். இன்று வரை எங்கள் உத்தியோகம் அதுதான்: வழியில் இருப்பது.

ஆனால் வழியில் இருந்ததால்தான் தோல் வந்தது. 1840-களில் சார்லஸ் டி சூசா என்ற பாண்டிச்சேரிக்காரர் ஆவாரம் பட்டையில் தோலைப் பதனிட்டுக் கடுக்காயில் முடிக்கும் முறையை மதராஸ் மாகாணத்தில் பரப்பினார் என்று தோல் தொழில் வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். ஆவாரை எங்கள் பக்கம் மேய்ச்சல் காட்டில் தானாகவே முளைத்துக் கிடப்பது. பாலாற்று ஊற்றில் தண்ணீர். வாசலில் ரயில். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் ஷாப்புகள் வரிசையாக முளைத்தன. கல்கத்தா பக்கமிருந்து உப்புத் தோல் கூட்ஸ் வண்டியில் வரும். இங்கே சுண்ணாம்புக் குழியிலும் பட்டைக் குழியிலும் ஊறும். பழுப்பு நிறத்தில் காய்ந்து, கட்டாகக் கட்டப்பட்டு, சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெரியமேட்டு மண்டிகளுக்குப் போகும். அங்கிருந்து கப்பல். லண்டன் ஏலத்தில் அதற்குப் பெயர் ஈ.ஐ. தோல், கிழக்கிந்தியத் தோல். ஆம்பூர் என்ற பெயர் பெரியமேட்டோடு கழன்றுவிடும்.

என் அப்பா அப்படியொரு தோல் ஷாப்பில் கணக்குப்பிள்ளை. முதலாளி ஒரு பாய். பெரியமேட்டில் பணம் வசூலிக்கவும் பில் ஒப்படைக்கவும் அப்பாதான் போவார். பையன் கூட வந்தால் பை தூக்க ஆயிற்று என்று லீவு நாட்களில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். 1960-களின் கடைசி. ஆம்பூர் ஸ்டேஷன் திண்ணையில் ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு சங்கிலியில் தொங்கும். வண்டி பக்கத்து ஸ்டேஷனான பச்சகுப்பம் தாண்டிவிட்டது என்றால் போர்ட்டர் ஒரு இரும்புக் கம்பியால் அதை அடிப்பார். ஊர் முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு அப்புறம் வீட்டை விட்டுக் கிளம்பி வண்டியைப் பிடித்தவர்கள் உண்டு. இன்றைக்கு செல்போனில் வண்டி எங்கே வருகிறது என்று நீலப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டே கிளம்புகிறோம். புள்ளி பச்சகுப்பத்தில் இருக்கும். வண்டி கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கும்.

டிக்கெட் அப்போது அட்டை. பெருவிரல் அகலம், மிஞ்சிப்போனால் இரண்டு விரல் நீளம். பட்டாணிக் கடலை வாங்கும் ஓட்டை போல ஒரு சந்து. அதற்குள் காசை நீட்டினால் உள்ளே ஒரு கருப்பு இரும்பு மிஷின் 'டக்' என்று கடிக்கும். அட்டையின் ஓரத்தில் தேதி பள்ளமாக விழும். மையில்லாமல் விழும் அந்தத் தேதியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே போகலாம். இந்த அட்டை டிக்கெட்டைக் கண்டுபிடித்தவர் தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேயர்; 1830-களில் ஒரு சின்ன ஸ்டேஷனில் வேலை பார்த்தவர்; அதற்கு முன் மரச்சாமான் செய்து நொடித்துப்போனவர். அதுவரைக்கும் ஒவ்வொரு பயணிக்கும் கையால் ரசீது எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். வரிசை எண்ணோடு அச்சடித்த அட்டை வந்ததும், எத்தனை டிக்கெட் விற்றது, எவ்வளவு காசு இருக்க வேண்டும் என்று மாலையில் கணக்குப் பார்க்க முடிந்தது. அது பயணி வசதிக்குப் பிறந்ததைவிட, கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளக்கூடாது என்பதற்குப் பிறந்தது என்பது என் கட்சி. உலகம் பூராவும் நூற்றைம்பது வருடம் ஓடியது.

நாங்கள் போனது மூன்றாம் வகுப்பில். மரப் பலகை. காந்தி 1917-இல் மூன்றாம் வகுப்புப் பயணத்தின் அவலத்தைப் பற்றித் தனியாக ஒரு சின்னப் புத்தகமே எழுதினார். அதில் அவர் குறிப்பிடும் பயணம் பம்பாயிலிருந்து மதராஸுக்கு. அரை நூற்றாண்டு கழித்து நாங்கள் உட்கார்ந்த பலகையிலும் அவர் எழுதிய அதே அழுக்குதான். 1974-இல் மூன்றாம் வகுப்பை எடுத்துவிட்டார்கள். அதாவது, பெட்டியில் எழுதியிருந்த மூன்று கோட்டில் ஒன்றை அழித்து இரண்டாம் வகுப்பு ஆக்கினார்கள். பலகை பலகையாகவே இருந்தது. பிறகு மது தண்டவதே ரயில்வே அமைச்சராக வந்துதான் இரண்டாம் வகுப்புப் படுக்கைக்கு இரண்டு அங்குலம் பஞ்சு கிடைத்தது. இந்திய ரயில்வே வரலாற்றில் பெரிய பெரிய பாலங்களும் சுரங்கங்களும் இருக்கின்றன. என்னைக் கேட்டால், முதுகெலும்பு உள்ளவர்களுக்கு அந்த இரண்டு அங்குலம்தான் முக்கியமான நிகழ்ச்சி.

பெட்டிக்குள் எங்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. அப்பா எவ்வளவு சோப்பு போட்டுக் குளித்தாலும், எவ்வளவு வெள்ளையாக வேட்டி கட்டினாலும், மேல் துண்டில் தோல் ஷாப்பு வாசனை ஒட்டிக்கொண்டிருக்கும். எதிரே உட்கார்ந்தவர் முதலில் தன் கூடையைப் பார்ப்பார். பிறகு பெஞ்சுக்கு அடியில் பார்ப்பார். கடைசியில் எங்களைப் பார்ப்பார்.

"சாருக்கு ஆம்பூரா, வாணியம்பாடியா?"

அப்பா சளைக்காமல் சொல்வார்: "பேரணாம்பட்டுங்க."

பேரணாம்பட்டுக்கு ரயிலே கிடையாது. அதனால் அந்த ஊர்க்காரர் யாரும் அந்தப் பெட்டியில் இருந்து மறுக்க மாட்டார் என்பது அப்பாவின் கணக்கு. வீட்டுக்குத் திரும்பினால் அம்மா வாசலிலேயே நிறுத்துவாள்: "கிணத்தடிக்குப் போங்க. துண்டைத் தனியாப் போடுங்க." மாதச் சம்பளம் மட்டும் அதே வாசனையோடு நேராகப் பீரோவுக்குள் போகும். அதைக் கிணற்றடியில் போடச் சொன்னதில்லை.

ரயிலில் இரவில் போகிறவர்களுக்கு ஸ்டேஷன் போர்டு தெரியாது. ஆனால் வாணியம்பாடி வந்துவிட்டது, ஆம்பூர் வந்துவிட்டது என்று மூக்குக்குத் தெரியும். ஜன்னல் ஷட்டர்கள் வரிசையாக இறங்கும் சத்தத்தை வைத்தே ஊர் எல்லையைச் சொல்லலாம். 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், பாலாற்றைக் கெடுத்த டேனரிகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. கழிவுநீரைச் சுத்தம் செய்யாத ஷாப்புகளை மூடச் சொன்னது. வாசனை அதற்குப் பிறகு கொஞ்சம் அடங்கியது. மிச்சத்தை ஏசி பெட்டி அடக்கிவிட்டது. கண்ணாடி திறக்காது. வெளியே என்ன ஊர் என்று பார்க்கவும் வேண்டாம், முகரவும் வேண்டாம். இப்போது ஆம்பூரைக் கடப்பவர்களுக்கு எங்கள் மீது எந்தக் குறையும் இல்லை. நாங்கள் இருப்பதே தெரியாது.

தெரியாமல் போவதில் எங்களுக்கு வருத்தமும் கிடையாது, வியாபாரம் நடந்தால் சரி. 1970-களில் அரசாங்கம் பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியது. சீதாராமையா கமிட்டி சொன்னபடி. மண்டிகளில் அன்றைக்கு ஒப்பாரிதான். "முடிஞ்சது, எல்லாம் முடிஞ்சது" என்று பாய் முதலாளிகள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தத் தள்ளலில்தான் ஊர் ஷூ தைக்கக் கற்றுக்கொண்டது. தோலை விற்ற ஊர் ஷூவின் மேல்பாகமான அப்பர் விற்றது. அப்பர் விற்ற ஊர் முழு ஷூ விற்கிறது. காலையில் கம்பெனி பஸ்களிலும் வேன்களிலும் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கட்டிங்குக்கும் ஸ்டிச்சிங்குக்கும் போகிறார்கள். ஐரோப்பாவில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் ஷூவின் உள்பக்கத்தில் எங்கள் தெருப் பெண்ணின் தையல் இருக்கும். அந்த ஷூ கன்டெய்னரில் ஏறி நெடுஞ்சாலை வழியாகத் துறைமுகம் போகிறது. தோலுக்காக நின்ற கூட்ஸ் வண்டி ஷூவுக்காக நிற்பதில்லை. கல்கத்தாவிலிருந்து தோல் வந்த பாதையில் இப்போது வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்; சிலர் வேலைக்கு, பலர் வைத்தியத்துக்கு.

வைத்தியம் என்றதும் காட்பாடி. வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று அடுக்குவார்கள். அதில் ஒன்றை 1981-இல் சரிசெய்தார்கள். கோட்டைக்குள் ஜலகண்டேசுவரரைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட்டது, ரயில் இல்லாத ஊர் என்பதை. மதராஸ்–பெங்களூர் அகலப்பாதை வேலூருக்குள் வரவே இல்லை. பாலாற்றுக்கு அந்தப் பக்கமே, காட்பாடி வழியாகவே போய்விட்டது. வேலூருக்குக் கிடைத்தது விழுப்புரம் போகும் மீட்டர் பாதையில் கண்டோன்மென்ட், டவுன் என்று இரண்டு சின்ன ஸ்டேஷன்கள். நான் வேலூரில் கல்லூரியில் படித்தபோது, ஆம்பூரில் பாசஞ்சர் ஏறி, காட்பாடியில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆற்றைக் கடப்போம். ஆறு என்பது மணல். பஸ் கண்டக்டர் அதைக் கடக்கும் நேரத்தில்தான் டிக்கெட் போட்டு முடிப்பார்.

அப்போது காட்பாடி பிளாட்பாரத்தில் தமிழும் தெலுங்கும் கேட்கும், சித்தூர் பக்கம்தானே. இப்போது இறங்கினால் முதலில் காதில் விழுவது வங்காளம். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு ஹௌராவிலிருந்தும் குவாஹாத்தியிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வருகிறார்கள், வங்கதேசத்திலிருந்துகூட. கையில் எக்ஸ்ரே கவர், தோளில் சுருட்டிய பாய், கூடவே ஒரு ஸ்டவ். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வங்காள எழுத்தில் போர்டு. டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரு கட்டிலோடு தொடங்கிய இடம் இத்தனை தூரத்துக்கு டிக்கெட் எடுக்க வைத்திருக்கிறது. காட்பாடி ஸ்டேஷனை இப்போது பெரிய அளவில் இடித்துக் கட்டுகிறார்கள். கட்டட வேலைக்கு நடுவே, தகர மறைப்புக்குப் பக்கத்தில், நோயாளியைப் படுக்க வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் முழு இரவும் காத்திருப்பதை எந்த நாள் போனாலும் பார்க்கலாம். விமான நிலையம் போல வரப்போகிறது என்கிறார்கள். விமான நிலையத்தில் தரையில் படுக்க விடுவார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

வேகத்தைப் பற்றிச் சொல்லாமல் ரயிலைப் பற்றி எழுத முடியாது. 1964 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஷிங்கான்சென் ஓடத் தொடங்கியது. 515 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் கடந்தது. அதே 1964 அக்டோபர் 1 அன்றுதான் மதராஸிலிருந்து பெங்களூருக்கு பிருந்தாவன் எக்ஸ்பிரஸும் விட்டார்கள். இரண்டுக்கும் ஒரே பிறந்தநாள். அறுபது வருடம் கழித்தும் பிருந்தாவன் 362 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. இதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன். அது வழியில் நின்று ஆட்களை ஏற்றிக்கொள்கிற வண்டி. அந்த மரியாதைக்கு நேரம் ஆகத்தான் செய்யும்.

வந்தே பாரத் வேறு ஜாதி. 2022 நவம்பர் 11 அன்று சென்னை–மைசூரு வண்டியைப் பெங்களூரில் பிரதமர் கொடியசைத்து விட்டார்; தென்னிந்தியாவுக்கு முதல் வந்தே பாரத். காட்பாடியில் நிற்கும். ஆம்பூருக்கு அது வெள்ளையும் நீலமுமாக ஒரு காற்று. பிளாட்பாரத்தில் நிற்பவர்களை மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போகச் சொல்லி மைக்கில் அறிவிப்பார்கள், காய்கறிக் கூடையை இழுத்துக்கொண்டு நகர்வோம், அது போய்விடும். ஷூ கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கும் என் தம்பி மகள் காட்பாடியில் ஏறிப் பெங்களூர் போய் வந்தாள்.

"பெரியப்பா, ஆம்பூர் எப்ப வந்துச்சுன்னே தெரியல."

"ஆம்பூர் எங்கம்மா வந்துச்சு? அது இருந்த எடத்துலதான் இருந்துச்சு. நீதான் போய்ட்ட."

அவள் சிரித்தாள். அவளுக்கு குடியாத்தம், வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம், ஆம்பூர், விண்ணமங்கலம், வாணியம்பாடி, கேத்தாண்டப்பட்டி, ஜோலார்பேட்டை என்று வரிசை தெரியாது. நாங்கள் வாய்ப்பாட்டுக்கு முன்பே அதைப் படித்தோம். தெரியாததால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சம்பளம் என்னுடைய கடைசிச் சம்பளத்தைவிட அதிகம்.

ஜோலார்பேட்டையைச் சொல்ல வேண்டும். கரி என்ஜின் காலத்தில் அங்கே வண்டி நீண்ட நேரம் நிற்கும். என்ஜினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் சுழன்று வந்து என்ஜினின் முதுகில் ஊற்றும். வழிகிற தண்ணீரில் பிளாட்பாரப் பிள்ளைகள் குளிக்கும். கரி என்ஜின் போனதோடு அந்தக் காட்சியும் போயிற்று என்று நினைத்திருந்தோம். 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையில் மறுபடியும் ரயிலுக்குத் தண்ணீர் பிடித்தார்கள். இந்த முறை என்ஜினுக்கு இல்லை, சென்னைக்கு. ஐம்பது டேங்கர் வேகன்கள். வேகனுக்கு ஐம்பதாயிரம் லிட்டர். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். ஏரிகள் வற்றிப்போன சென்னைக்கு அது வில்லிவாக்கத்தில் இறங்கியது. திட்டத்துக்கு அரசாங்கம் 65 கோடி ரூபாய் ஒதுக்கியது. மந்திரிகள் வந்தார்கள், மாலை போட்டார்கள், தண்ணீருக்குக் கொடியசைத்தார்கள்.

அந்தத் தண்ணீர் எங்கே இருந்து வந்தது என்பதுதான் விசேஷம். பாலாற்றங்கரையில் பாலாற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனதால், மேட்டூரிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவந்திருந்தார்கள். அப்படிக் கடன் வாங்கிய காவிரியைத்தான் ரயிலேற்றிச் சென்னைக்கு அனுப்பினோம். எங்கள் தெருக் குழாயில் அப்போதும் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள், வரிசையில் குடங்கள். குடத்தோடு நின்றுகொண்டிருந்த ஒரு கிழவி வண்டி போன சத்தத்தைக் கேட்டுச் சொன்னாள்: "நம்மூரு தண்ணி எக்ஸ்பிரஸ்ல போவுது, நமக்குப் பாசஞ்சர்ல கூட வர்ல."

தண்ணீரே இல்லாத ஆறு என்று கிண்டல் செய்தோமே, அது சும்மா இருக்கவில்லை. இரண்டே வருடத்தில், 2021 கடைசியில், பாலாற்றிலும் அதன் துணையாறான பொன்னையிலும் வெள்ளம் கரை புரண்டது. வெள்ளம் வடிந்த பிறகு, டிசம்பரில், திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் நடுவே பொன்னை ஆற்று ரயில் பாலத்தில் விரிசல் கண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஓடத் தொடங்கிய பாதையில் சென்னை–பெங்களூர், சென்னை–கோவை வண்டிகள் வரிசையாக ரத்தாயின. அந்தச் சில நாட்கள் எங்களைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ்கள் குறைந்துபோயின. 1903-இல் இதே பாலாறு வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போன கதையைப் பாட்டிகள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆற்றுக்கு ஞாபக சக்தி அதிகம். நமக்குத்தான் மணல் அள்ளும்போது மறந்துவிடுகிறது.

மறந்துபோன இன்னொரு பெருமையும் உண்டு: ஒரு காலத்தில் இந்தியா முழுக்க ரயில்கள் மதராஸ் நேரத்தில்தான் ஓடின. லாகூரில் இருந்தவனும் கல்கத்தாவில் இருந்தவனும் ரயிலைப் பிடிக்க நுங்கம்பாக்கம் வானாய்வு நிலையத்தின் கடிகாரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் வந்தது. மதராஸ் அதைவிட ஏறக்குறைய ஒன்பது நிமிடம் பின்தங்கிப் போயிற்று. எங்கள் பாசஞ்சர் வண்டிகள் அந்த ஒன்பது நிமிடத்தை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. மேலே கொஞ்சம் சேர்த்துமிருக்கின்றன.

அந்தப் பாசஞ்சர் வண்டிகளுக்கு நடந்ததைக் கேளுங்கள். கொரோனாவில் 2020 மார்ச்சில் எல்லா ரயிலும் நின்றது. திரும்பி வந்தபோது பழைய பாசஞ்சர் பலவும் எக்ஸ்பிரஸாகத் திரும்பி வந்தன. அதே பெட்டி, அதே ஸ்டேஷன்களில் நிற்கும், அதே வேகம். பெயர் மட்டும் எக்ஸ்பிரஸ். குறைந்தபட்சக் கட்டணம் பத்து ரூபாயிலிருந்து முப்பது. ஆம்பூரிலிருந்து வாணியம்பாடிக்குக் கூலி வேலைக்குப் போகிறவர் அந்த முப்பதைக் கொடுத்து எக்ஸ்பிரஸில் போனதாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கலாம். 2024 பிப்ரவரியில்தான் மறுபடி பத்து ரூபாய் ஆயிற்று. தேர்தல் வருஷம் என்பது தற்செயலாக இருக்கலாம்.

எனக்கு அறுபது வயது நிறைந்ததும் 2020-இல்தான். ஆண்களுக்கு அறுபதில் 40 சதவீதம், பெண்களுக்கு ஐம்பத்தெட்டில் 50 சதவீதம் என்று மூத்த குடிமக்களுக்கு ரயிலில் சலுகை இருந்தது. அப்பா அதில் போய் வந்திருக்கிறார்; என் முறை வரும்போது, சரியாக அந்த மார்ச்சில், எடுத்துவிட்டார்கள். கொரோனா போய்விட்டது, முகக்கவசம் போய்விட்டது, வண்டிகள் எல்லாம் திரும்பிவிட்டன. அது மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் தட்கலுக்காக செல்போனைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, அட்டையில் தேதி கடித்த அந்தக் கருப்பு மிஷின் மேல் ஒரு மரியாதை வரத்தான் செய்கிறது. அது யாரையும் காத்திருப்போர் பட்டியலில் 47 என்று சொன்னதில்லை. நிற்க இடமில்லை என்றாலும் ஏற விட்டது.

ரயில்வேக்கு எங்கள் பக்கத்திலிருந்து பெரிய கோரிக்கை எதுவும் இல்லை. புல்லட் ரயில் வேண்டாம். போகிற வண்டிகள் போகட்டும், வேகமாகவே போகட்டும். எங்கள் ஊரில் நிற்கிற எக்ஸ்பிரஸ்களில் முன்பதிவில்லாப் பெட்டி இன்னும் இரண்டு கோர்த்துவிடுங்கள். காலையில் படிக்கட்டில் தொங்கிப் போகும் கல்லூரிப் பிள்ளைகள் உள்ளே நிற்பார்கள். நடைமேம்பாலத்தில் ஏற முடியாத கிழவர்களுக்கு லிஃப்ட் கொடுங்கள். அறுபது தாண்டியவர்களின் சலுகையைத் திருப்பிக் கொடுங்கள். இதைப் படிக்கிற மூத்த குடிமக்களே, இதையே நாலு வரியில் எழுதி உங்கள் எம்.பி.க்கு அனுப்புங்கள், அஞ்சல் செலவு ஐந்து ரூபாய்தான் ஆகும்.